வெள்ளைக் கல்லின் கதை

ஆஸ்டின் டவுனிலிருந்து லால்பாக் தோட்டம் அதிகத் தொலைவில் இல்லை. சென்ற கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நம் சங்கத்துப் பிள்ளைகள் பதின்மரை அழைத்துக்கொண்டு அங்குள்ள பெரும்பாறையின் மேல் ஏறினோம். கெம்பே கவுடர் கோபுரம் நிற்கும் அப்பாறையைப் பாராத பெங்களூர்த் தமிழர் அரியர். ஆயினும் கோபுரத்தைப் பார்ப்போரே மிகுதி. அதைத் தாங்கும் பாறையைப் பார்ப்போர் குறைவு. அன்று பிள்ளைகள் ஓடியாடிக் கொண்டிருக்க, எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் குனிந்து பாறையையே உற்று நோக்கினாள். சாம்பல் நிறப் பாறையின் ஊடே, கோலமாவால் இழுத்தாற்போல், வெள்ளைக் கோடு ஒன்று வளைந்து சென்றது.

"மாமா, இந்தக் கோட்டை யார் போட்டது?" என்று வினவினாள். சுண்ணாம்பு என்று எண்ணி நகத்தால் சுரண்டிப் பார்த்திருக்கிறாள். ஒரு துகளும் வரவில்லை. பின்பு அவளே, "அப்பாவின் சட்டையிலும் இப்படித்தான் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்கும்" என்றாள். அவள் தந்தை, வீடுகளுக்குக் கற்பலகை அறுத்துப் பதிக்கும் தொழிலாளி.

அவளுடைய வினாவுக்கு அப்போது சிறிய விடை ஒன்று கூறினோம். ஆனால் இரண்டாவதாக அவள் கூறிய சொல் நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. பாறையிலுள்ள கோடும், தந்தையின் சட்டையிலுள்ள தூளும் ஓர் இனமே என்பதை அச்சிறுமி தானறியாமலே கூறிவிட்டாள். ஆகவே முழு விடையை இங்கே எழுதத் துணிந்தோம்.

அந்த வெள்ளைக் கல்லைக் குவார்ட்ஸ் என்பர் விஞ்ஞானிகள். நம் ஊர்ப்புறங்களில் வெங்கச்சாங்கல் என்பார்கள். வெறுமனே வெள்ளைக்கல் என்பாரும் உண்டு. கண்ணாடி போல் தெளிந்திருந்தால் அதுவே ஸ்படிகம். ஊதா நிறம் ஏறியிருந்தால் அதுவே செவ்வந்திக்கல். இருட்டறையில் இரண்டு வெள்ளைக் கற்களை ஒன்றோடொன்று அழுத்தி உரசி, உள்ளே மின்னும் ஒளியைக் கண்டு களித்த இளமை நம்மில் பலருக்கு உண்டு. கைக்கடிகாரத்தின் முகத்தில் 'குவார்ட்ஸ்' என்று பொறித்திருப்பதும் இக்கல்லைக் குறித்ததே. கடிகாரத்தினுள் இருக்கும் சிறு படிகத் துண்டு வினாடிக்கு 32,768 முறை அதிர்ந்து காலத்தை அளக்கிறது.

இதன் உடற்கூறு மிக எளிது. ஒரு சிலிகன் அணுவுக்கு இரண்டு ஆக்ஸிஜன் அணு என்பதே கணக்கு. ஒவ்வொரு சிலிகன் அணுவும் நான்கு ஆக்ஸிஜன் அணுக்களைப் பற்றியிருக்கிறது. ஒவ்வோர் ஆக்ஸிஜனும் இரண்டு சிலிகனுக்குப் பொதுவாக நிற்கிறது. இவ்வாறு கைகோத்து நாற்புறமும் படரும் வலையில் பலவீனமான பக்கம் என்று ஒன்று இல்லை. ஆகையால்தான், பத்துப் படிகள் கொண்ட கடினத்தன்மை வரிசையில் இக்கல் ஏழாம் படியில் நிற்கிறது. பேனாக்கத்தி இதைக் கீறாது; இதுவோ கண்ணாடியைக் கீறும். அச்சிறுமியின் நகம் தோற்றதில் வியப்பில்லை.

இறுதியில் உறைவது

இனி, இக்கல் எவ்வாறு பிறக்கிறது என்பதைக் காண்போம். பூமியின் ஆழத்தில் பாறை உருகிக் குழம்பாக இருக்கும் இடங்கள் உண்டு. அக்குழம்பு ஆறும்போது அதிலுள்ள பொருள்கள் எல்லாம் ஒரே சமயத்தில் உறைந்துவிடுவதில்லை. எது முன், எது பின் என்னும் வரிசையை 1920களில் நார்மன் போவன் என்னும் ஆராய்ச்சியாளர் சோதனைச் சாலையில் பாறைக் குழம்பை உண்டாக்கியே கண்டறிந்தார். இரும்பும் மக்னீசியமும் மிகுந்த கரிய தாதுக்கள் முதலில் உறைகின்றன. அடுத்து மைக்கா, ஃபெல்ஸ்பார் முதலியவை. அவை யாவும் தத்தமக்கு வேண்டிய சிலிகாவை எடுத்துக்கொண்ட பின்பும் மிச்சம் இருந்தால், அந்த மிச்சமே இறுதியில் குவார்ட்ஸாக உறைகிறது.

பொங்கலுக்கு ஊர் செல்லும் ரெயில் வண்டியை எண்ணிப் பாருங்கள். முதலில் ஏறியவர் காலை நீட்டி அமர்கிறார். கடைசியில் ஏறியவரோ, கிடைத்த இடுக்கில் உடலைக் குறுக்கி நிற்கிறார். கிரானைட்டில் குவார்ட்ஸின் நிலையும் இதுவே. ஃபெல்ஸ்பார் தன் வடிவத்தோடு கட்டம் கட்டமாக நிற்க, குவார்ட்ஸ் தனக்கென ஒரு வடிவமின்றி, மற்றவை விட்ட இடைவெளிகளை நிரப்பியிருக்கும். உங்கள் வீட்டு அடுக்களை மேடை கிரானைட்டாக இருப்பின், அதில் கண்ணாடித் துண்டு போல் மங்கலாக மினுக்கும் பொட்டுக்களைப் பாருங்கள், அவையே குவார்ட்ஸ். கிரானைட்டில் ஐந்தில் ஒரு பங்கேனும் இக்கல் இருக்கும். ஒரோவழி மூன்றில் ஒரு பங்கும் உண்டு.

மைசூர் செல்லும் வழியில் ராமநகரத்துக் குன்றுகள் இத்தகைய கிரானைட்டால் ஆனவை. அவ்வூரின் பழைய பெயரான க்ளோஸ்பேட்டையை வைத்து அதை க்ளோஸ்பேட் கிரானைட் என்றே உலகெங்கும் அழைக்கிறார்கள். அதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். லால்பாக் பாறையோ அதனினும் மூத்தது. சுமார் 300 கோடி ஆண்டுகள். அது பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பிசையப்பட்டு, வெளிறிய பட்டையும் கரிய பட்டையுமாக வரியோடிய 'நைஸ்' என்னும் பாறை. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது.

சென்னையில் வாழ்ந்தவர்கள் பல்லாவரம், பரங்கிமலைப் பாறைகளை அறிவர். கருநீலச் சாயல் கொண்ட அப்பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்னும் கும்பினி வர்த்தகரின் கல்லறைமேல் இக்கல் பதித்திருக்கக் கண்டு, ஹாலந்து என்னும் புவியியலார் 1893இல் இப்பெயரைச் சூட்டினார். இதிலும் குவார்ட்ஸ் உண்டு. சில இடங்களில் இலேசான நீல நிறத்தோடும் காணப்படும்.

எல்லாப் பாறையிலும் இக்கல் உண்டோ எனில், இல்லை. மகாராஷ்டிரத்தைப் பெரும்பகுதி மூடியிருக்கும் பசால்ட் என்னும் எரிமலைக் கல்லில் சிலிகா ஏறக்குறையப் பாதியளவே. அது முழுவதும் பிற தாதுக்களுக்கே செலவாகிவிடுவதால் குவார்ட்ஸுக்கு மிச்சம் கிடைப்பதில்லை. அப்பாறையின் குமிழிகளில் பிற்காலத்தில் ஊறிய நீர் கொண்டுவந்து படியவைத்த செவ்வந்திக்கல்லும் அகேட்டும் மட்டுமே அங்குண்டு. கடைகளில் 'கறுப்புக் கிரானைட்' என்று விற்கப்படும் கல்லும் பெரும்பாலும் கிரானைட் அன்று. டாலரைட் என்னும் கரும்பாறை. அதில் குவார்ட்ஸ் மிகக் குறைவு. சலவைக்கல்லோ சுண்ணாம்பின் இனம். எலுமிச்சைச் சாறு பட்டால் அதன் மெருகு கெடும். இவ்வேற்றுமைகளைச் சற்று நினைவில் வைக்க வேண்டுகிறோம், பின்னர் பயன்படும்.

இறுதிவரை எஞ்சுவது

பாறையில் கடைசியாகப் பிறந்த இக்கல், பாறை அழியும்போதும் கடைசிவரை நிற்கிறது. மழைநீர் பட்டுப் பட்டு ஃபெல்ஸ்பார் களிமண்ணாகிறது. கரிய தாதுக்கள் துருப்பிடித்துச் செம்மண்ணுக்கு நிறமாகின்றன. குவார்ட்ஸ் மட்டும் கரையாமல், மாறாமல், மணலாக உதிர்ந்து ஆற்றோடு செல்கிறது. காவிரி மணலில் பெரும்பகுதி, மலைகளிலிருந்து தப்பி வந்த குவார்ட்ஸே. நாம் ஆற்று மணலில் வீடு கட்டி விளையாடியபோது, உண்மையில் அழிந்துபோன மலைகளின் எச்சத்தின்மீதே விளையாடினோம்.

அம்மணல் மீண்டும் இறுகினால் மணற்பாறை ஆகும். கடலூர், பண்ருட்டிப் பக்கங்களில் அதைக் காணலாம். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் புதைந்த மரங்கள் அத்தகைய மணற்பாறையில் கல்லாகக் கிடக்கின்றன. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிறிதளவு சிலிகா மரத்தின் அணுக்களுக்கிடையே புகுந்து, மரம் மறைய மறையத் தான் அவ்விடத்தை நிரப்பிற்று. மரத்தின் வளையங்கள்கூட அப்படியே தெரிகின்றன! தஞ்சைக்கு அருகே வல்லத்தில் கிடைத்த தெளிந்த கூழாங்கற்களை அறுத்து, மெருகேற்றி, மூக்குக்கண்ணாடி செய்தனர் நம் முன்னோர். 'வல்லம் கல்' என்ற பெயரைப் பழைய தலைமுறையார் கேட்டிருக்கக்கூடும். அதுவும் குவார்ட்ஸே.

மணற்பாறை ஆழத்தில் புதைந்து வெந்தால், மணிகள் ஒன்றோடொன்று இணைந்து குவார்ட்ஸைட் என்னும் மிகக் கடினமான பாறை ஆகும். சேலத்துக் கஞ்சமலையில் காந்த இரும்புத் தாதுவும் குவார்ட்ஸும் ஒன்றுவிட்டு ஒன்றாக, மெல்லிய அடுக்கடுக்காய் அமைந்திருப்பதைக் காணலாம். அது கடலடியில் சிலிகாவும் இரும்பும் மாறி மாறிப் படிந்து பின்னர் மாற்றமுற்றதன் விளைவு.

வெடிப்புகளில் விளைவது

இனி, சிறுமி கேட்ட கோட்டுக்கு வருவோம். மேல் நீர் குளிர்ந்தது. அதில் சிலிகா அரிதாகவே கரையும். ஆனால் பூமியின் ஆழத்தில் பல நூறு டிகிரி வெப்பத்தில், பெரும் அழுத்தத்தில் இருக்கும் நீர் சிலிகாவை மிகுதியாகக் கரைத்துக்கொள்ளும். அந்நீர் பாறையின் வெடிப்பு வழியே மேலேறும்போது குளிர்கிறது, அழுத்தமும் குறைகிறது. உடனே, ஆறிய பாகில் கற்கண்டு படிவதுபோல், வெடிப்பின் சுவர்களில் குவார்ட்ஸ் படிகிறது. நாளடைவில் வெடிப்பு முழுவதும் அடைபட்டு வெள்ளை நரம்பாகிறது. ஆகவே, மகளே, அக்கோட்டைப் போட்டது வெந்நீர்!

அந்நீர் சில இடங்களில் சிலிகாவோடு வேறொரு பொருளையும் சுமந்து வந்தது. அதுதான் பொன். நம் பெங்களூருக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலில், 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கரும்பாறைகளின் ஊடே இத்தகைய குவார்ட்ஸ் நரம்புகள் மைல் கணக்கில் ஓடுகின்றன. அவற்றிலே, பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத பொடியாக, பொன் கலந்திருந்தது. 1802இல் ஜான் வாரன் என்னும் படைத்தலைவர் அவ்வட்டாரத்து மக்கள் மண்ணிலிருந்து பொன் அரிப்பதைக் கண்டு எழுதினார். 1875இல் மைக்கேல் லவேல் என்பார் அங்கே தோண்டும் உரிமை பெற்றார்; நம் நகரத்து லவேல் சாலை அவர் பெயரைத் தாங்கியதே. 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கங்களை நடத்தினர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் அங்கே சென்றது. பெங்களூர்த் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது அதற்குப் பின், 1905இல்தான்.

அந்த நரம்பைத் தொடர்ந்து இறங்கியவர் யார்? வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களே. அவருள் பெரும்பாலோர் தமிழர், அவரினும் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்டோர். சாம்பியன் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் சென்றது. அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அதற்குள் எடுக்கப்பட்ட பொன் ஏறத்தாழ 800 டன். அதன்பின் அவ்வூரார் பலர் நாள்தோறும் விடியலில் மாரிக்குப்பம் ரெயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருகின்றனர். சிலர் நம் அண்டை வீடுகளிலேயே குடியேறியும் உள்ளனர்.

நெஞ்சில் தங்குவது

பொன் டன்னுக்குச் சில கிராம் என்னும் கணக்கில்தான் கிடைக்கும். ஆகவே மலைமலையாகக் குவார்ட்ஸை உடைத்து மாவாக்க வேண்டியிருந்தது. அரைத்து எஞ்சிய தூள் இன்றும் 'சயனைட் மேடு' என்ற பெயரில் தங்கவயலில் குன்றுகளாக நிற்கிறது. பொன் எங்கெங்கோ சென்றது. தூள் அவ்வூரில் தங்கிற்று. தொழிலாளரின் நுரையீரலிலும் தங்கிற்று.

கடற்கரை மணலில் நாள் முழுதும் புரண்டாலும் தீங்கில்லை. அதன் மணிகள் பெரியவை. ஆனால் கல்லைத் துளைக்கும்போதும் அறுக்கும்போதும் எழும் தூளில், தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நுண்துகள்கள் உள்ளன. அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. மூக்கு அவற்றைத் தடுப்பதில்லை. நேரே நுரையீரலின் அடியாழம் செல்கின்றன. அங்கே உடலின் காவல் அணுக்கள் அவற்றை விழுங்கிக் கரைக்க முயல்கின்றன. 300 கோடி ஆண்டு மழை கரைக்காததை அவை எவ்வாறு கரைக்கும்? காவல் அணு மடிகிறது. துகள் மீண்டும் வெளிப்படுகிறது. மற்றோர் அணு அதை விழுங்குகிறது. இவ்வாறு நடக்க நடக்க நுரையீரலில் தழும்பு ஏறி, மூச்சு குறுகிறது. இதுவே சிலிக்கோஸிஸ் என்னும் நோய். 1940களில் கோலார்ச் சுரங்கத் தொழிலாளரிடையே நடந்த மருத்துவ ஆய்வுகள் இந்நோய் அங்கே பரவலாக இருந்ததை வெளிப்படுத்தின. இந்திய மருத்துவ நூல்களில் இந்நோயின் வரலாறு தங்கவயலிலிருந்தே தொடங்குகிறது.

சுரங்கம் மூடியதால் கதை முடிந்துவிடவில்லை. இன்று நம்மவர் பலர் கிரானைட் அறுக்கின்றனர், ஓடு பதிக்கின்றனர், கான்கிரீட் சுவரைத் துளைக்கின்றனர், பழைய கட்டடம் இடிக்கின்றனர். கான்கிரீட்டின் மணலும் ஜல்லியும் குவார்ட்ஸைக் கொண்டவையே. அண்மைக்காலத்தில் அடுக்களை மேடைக்குக் 'குவார்ட்ஸ்' என்றே பெயரிட்டு விற்கும் செயற்கைப் பலகை வந்துள்ளது. குவார்ட்ஸ் தூளைப் பிசினில் குழைத்துச் செய்த அதில் நூற்றுக்குத் தொண்ணூறு வரை இக்கல்லே இருக்கக்கூடும். அதை அறுத்த இளம் தொழிலாளர் பலர் சில ஆண்டுகளிலேயே நோயுற்றதைக் கண்டு, ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் அப்பலகையையே தடை செய்துவிட்டது. அது மேடையாக அமைந்தபின் வீட்டாருக்குத் தீங்கு செய்வதில்லை, அறுப்பவருக்கே ஆபத்து.

இந்நோய்க்கு முற்றும் தீர்க்கும் மருந்து இல்லை. ஆனால் வராமல் தடுப்பது கடினமன்று. பேருதவி செய்வது தண்ணீரே. நீர் பாய்ச்சிக்கொண்டே அறுத்தால், துளைத்தால், தூள் எழாமல் சேறாகப் படியும். உலர்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்கலாகாது. நனைத்தே அள்ள வேண்டும். முகத்தில் துண்டு கட்டிக்கொள்வது நம்மவர் வழக்கம். நுண்துகளுக்கு அத்துண்டு திறந்த கதவு. முகத்தோடு இறுகப் பொருந்தும் என்-95 வகை மூடியேனும் வேண்டும். வேலை உடையை உதறாமல், தனியே நனைத்துத் துவைக்க வேண்டும். பிள்ளைகளைத் தூக்குமுன் உடை மாற்றுதல் நலம்.

இன்னொன்று மிக முக்கியம். இந்நோயின் இருமலும் மூச்சுத் திணறலும் காசநோயைப் போலவே தோன்றும். சிலிக்கோஸிஸ் உள்ளவருக்குக் காசநோயும் எளிதில் தொற்றும். ஆகவே மருத்துவரிடம் செல்லும்போது, "இத்தனை ஆண்டுகளாகக் கல் அறுக்கிறேன்" என்று நாமே முன்வந்து கூற வேண்டும். அவர் கேட்கும்வரை காத்திருக்கலாகாது. தங்கவயலில் உழைத்த முதியவர்களும் அவ்வாறே கூறுதல் வேண்டும். வேலையை விட்டுப் பல்லாண்டு சென்றபின்பும் இந்நோய் தலைகாட்டுவதுண்டு. மார்பு நோய்க்கென்றே அரசு நடத்தும் மருத்துவ நிலையம் நம் நகரில், நிம்ஹான்ஸ் அருகே இருக்கிறது. இது தொழிலால் வரும் நோய் என்று சட்டம் ஏற்றுள்ளது. ஈட்டுத்தொகை கோரும் உரிமையும் உண்டு. அதற்கு எந்த வேலை, யாரிடம், எத்தனை ஆண்டு என்னும் குறிப்பை இன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்குவது நல்லது.

வீடு கட்டுவோருக்கும் ஒரு வேண்டுகோள். "சீக்கிரம் முடியுங்கள், தண்ணீர் விட்டால் சேறாகும்" என்று தொழிலாளியை விரட்டாதீர்கள். அந்தச் சேற்றை அரைமணி நேரத்தில் கழுவிவிடலாம்; நெஞ்சில் படிந்ததைக் கழுவ வழியில்லை.

சென்ற வாரம் அச்சிறுமியின் தந்தையைத் தெருமுனையில் கண்டோம். கோடு பிறந்த கதையையும் தூளின் கதையையும் ஒருங்கே கூறினோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, "அண்ணே, மிஷினில் தண்ணீர்க் குழாய் மாட்டும் இடம் இருக்கிறது, நாங்கள்தான் மாட்டுவதில்லை" என்றார். மறுநாள் முதல் மாட்டுவதாகவும் சொன்னார்.

லால்பாக் பாறையின் வெள்ளைக் கோடு இன்னும் பல கோடி ஆண்டு நிற்கும். அது நிற்க வேண்டிய இடம் பாறைதான். நம்மவர் மார்பு அன்று.